பெற்றவன் இருக்க, பதிவு முகவர் டுவேன்

பாசமுள்ள மகள் கைசாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை, நாயும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அந்த அரிசோனா வெயிலில் கருகிப் போகாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். போன வாரமே பனி முழங்கால் உயரம் விழுந்துவிட்டது, ஏரி இன்னும் உறையவில்லை. நீ வாடகைக்கு விடுகிற கேபின் இரண்டிலும் தண்ணீரை வடித்துவிட்டேன், குழாய் வெடிக்குமோ என்று நீ கவலைப்பட வேண்டாம். நீராவிக் குளியலுக்கான சௌனா அறைப் படிக்கட்டில் புதுப் பலகை போட்டு, மேலே சொரசொரப்பான தார்த்தாளும் ஒட்டிவிட்டேன். இனி எந்தச் சிகாகோக்காரனும் பீரைக் குடித்துவிட்டு வழுக்கி விழுந்தேன் என்று சொல்ல முடியாது. ஆமாம், கேஸ் விஷயம் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிகிறது.

மான் வேட்டை சீசன் தொடங்குவதற்கு முந்தைய நாள் வண்டி நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு வேட்டைக் குடிசைக்குக் கிளம்பினேன். வழியில் பெட்ரோல் பங்கில் காபிக்கு நின்றேன். ஷெரிப் ஆபீஸ் வெஸ்லி என்னைப் பார்த்ததும் ஒரு கவரை ஆட்டிக்கொண்டு வந்தான். "பெருசு, நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க பொண்ணோட கேபின் கம்பெனி மேல யாரோ சிகாகோக்காரன் கேஸ் போட்டிருக்கான், சம்மன் வந்திருக்கு. டுவேன் வீட்டு ரோடு முழுக்க ஐஸு. நீங்க அப்பாதானே, நீங்களே வாங்கிக்கோங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்றான். நம்ம ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா, பக்கத்து வீட்டு மருந்தையும் ஓடிப்போன நாயையும் கையில் அகப்பட்டவரிடம் கொடுத்தனுப்புகிற ஊர். நானும் கையை நீட்டிவிட்டேன். அப்போதுதான் கவரின் மேல் பார்த்தேன், உன் கம்பெனி பெயர், அதன் கீழே பதிவு முகவர் என்று போட்டு டுவேனின் பெயர். என் அப்பா கட்டின கேபின், நான் உனக்கு எழுதிக் கொடுத்த நிலம், நான் ஆணி அடித்த படிக்கட்டு, அதற்கு முகவர் உன் அம்மாவின் இரண்டாவது புருஷன்! "என்ன பெருசு, தெரியாதா? கம்பெனி ஆரம்பிச்சதுலேர்ந்து அவர்தானே" என்று வெஸ்லி வேறு சாதாரணமாகச் சொல்கிறான். நீட்டின கையை இழுத்துக்கொண்டேன். டுவேனுக்கு வந்ததை டுவேனிடமே கொண்டு போய்க் கொடு, நான் அவனுக்கு எடுபிடி இல்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு இன்னொரு யோசனை வந்தது. நாளைக்குச் சீசன், இன்றைக்கு இந்த மாவட்டத்தில் எந்த ஆம்பிளை வீட்டில் இருப்பான்? டுவேன் நிச்சயம் காட்டுக்குப் போயிருப்பான், பூட்டின வீட்டை என் கண்ணால் பார்த்துவிட்டு, பாரம்மா உன் முகவரின் லட்சணம் என்று உனக்கு எழுதலாம் என்று கணக்குப் போட்டு, நானும் வருகிறேன் என்று அவன் வண்டியில் ஏறினேன். முன் சீட்டில் அவன் சாமான்கள், அதனால் பின்னால் கைதிகளை ஏற்றும் கம்பிவலைக்கு உள்ளே உட்கார்ந்து போனேன். அதைக் கல்லாவில் இருந்த ஐலி பார்த்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க என்னைப் பற்றி, ரெய்னோ சீசனுக்கு முன்னாலேயே மானைச் சுட்டு மாட்டிக்கொண்டான் என்று பேச்சு.

டுவேன் வீட்டில்தான் இருந்தான். வீட்டோடு சேர்ந்த அந்த ரிப்பேர் ஷெட் கதவு திறந்து கிடந்தது, விளக்கு எரிந்தது, அவன் யாருடைய பனி தள்ளும் இயந்திரத்தையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். கையைத் துடைத்துவிட்டுக் கவரை வாங்கினான், கிடைத்த நேரத்தை அதன் மேலேயே எழுதினான், என்னைப் பார்த்து "வாங்க ரெய்னோ, உள்ள வாங்க, குளிருது" என்றான், அடுத்த நிமிஷம் உனக்குப் போன் போட்டான். நீ பேசினதெல்லாம் எனக்குக் கேட்டது. ஐயோ டுவேன், இப்ப நான் என்ன பண்றது என்று நீ அழுதாய். "அழாதம்மா, இதுக்குத்தானே நான் இருக்கேன். எல்லாப் பக்கத்தையும் இப்பவே படம் எடுத்து வக்கீலுக்கு அனுப்பிடறேன், நீ முதல்ல தண்ணி குடி" என்று அவன் சொன்னான். நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கம்பம் மாதிரி நின்றேன். நீ அழுகிறபோது தண்ணி குடி என்று சொல்ல வேண்டியது நான். நான் அங்கே நின்றது உனக்குத் தெரியாது, அவனும் சொல்லவில்லை.

பிறகு உன் அம்மா காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொண்டுவந்தாள். பெற்ற அப்பன் உயிரோடு இருக்கும்போது இதென்ன ஏற்பாடு என்று கேட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். "உன்னைப் போய் எப்படி எழுதுவா ரெய்னோ? கம்பெனிக்குக் கோர்ட்டுக் காகிதம் வந்தா வாங்கறதுக்கு, வேலை நாள்ல, ஆபீஸ் நேரத்துல, அந்த விலாசத்துல ஆள் இருக்கணும். தபால் பெட்டி நம்பரெல்லாம் செல்லாது, ரோடு பேரும் வீட்டு நம்பரும் வேணும். உன் வீட்டுக்கு நம்பர் இருக்கறது உனக்காவது தெரியுமா? நவம்பர் வந்தா நீ மனுஷனா, கரடியான்னே தெரியாது" என்றாள். நான் இதை ஏதோ ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் கைசா, கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார வைப்பது மாதிரி. பார்த்தால் சம்பளம் இல்லாத வாட்ச்மேன் வேலை. அப்போதாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், ஆனால் உன் அம்மா விடவில்லை. "இந்த மனுஷன் உன் பொண்ணுக்கு முகவரா இருக்கச் சரின்னு சொன்னதுலேர்ந்து சீசனுக்குக் காட்டுப் பக்கமே போகல, தெரியுமா? தன் வேட்டைக் குடிசையை அண்ணன் பசங்ககிட்ட விட்டுட்டார்" என்றாள். டுவேன் தலையைத் தூக்காமல் "சும்மா இரு மார்லீன், எனக்கு இடுப்பு வலி, அதான் போகல" என்றான். இடுப்பு வலியாம்! அந்தப் பெரிய இயந்திரத்தை ஒற்றை ஆளாகப் புரட்டிப் போட்டதை நான் இப்போதுதான் பார்த்தேன்.

பங்கில் நிறுத்தியிருந்த என் வண்டியை எடுத்துக்கொண்டு நான் குடிசைக்குப் போனேன். போகாமல் இருக்க முடியுமா, வண்டியில் சாமான் எல்லாம் இருந்ததே. மறுநாள் விடிந்ததும் மரத்தின் மேல் கட்டின பரணில் ஏறி உட்கார்ந்தேன். அங்கே போனுக்குச் சிக்னல் கிடையாது என்பது உனக்குத் தெரியும். அந்தச் சம்மனை நான் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருப்பேன், ஒரு மானைச் சுட்டதும் எல்லாம் மறந்திருக்கும். பதில் போட வேண்டிய கெடு தாண்டியிருக்கும், அந்தச் சிகாகோக்காரன் எதிர்த்துப் பேச ஆளில்லாமலே ஜெயித்திருப்பான், உன் கேபின்கள் கைவிட்டுப் போயிருக்கும். அப்படி ஆகாமல் தடுத்தது என் புத்தி என்று நினைத்துவிடாதே, என் பொறாமைதான் தடுத்தது. நான் இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே நல்ல கொம்புள்ள ஆண் மான் ஒன்று வெளியே வந்து, குறி பார்க்கத் தோதாக நின்றது. என் கண் அதன் மேல் இருந்தது, மனசு டுவேனின் ஷெட்டில் இருந்தது. அவன் வேட்டையில் எப்படிப்பட்ட பைத்தியம் என்று எனக்குத் தெரியும், என்னைவிட மோசம். அந்த ஆள் என் மகளுக்காக இதை விட்டிருக்கிறான், நான் எதை விட்டேன் என்று நினைத்தேன். துப்பாக்கியைத் தூக்கவே தோன்றவில்லை. அது பாட்டுக்கு மேய்ந்துவிட்டுப் போய்விட்டது. அடுத்த நாளே சாமானைக் கட்டினேன். கூட இருந்தவர்கள் யாராவது செத்துப் போனார்களா என்று கேட்டார்கள்.

ஊருக்குத் திரும்பினதும் நேரே டுவேனிடம் போய், அந்த வேலையை எனக்குக் கொடு என்று கேட்டேன். "தாராளமா எடுத்துக்கோங்க. ஆனா கேக்க வேண்டியது என்கிட்ட இல்ல ரெய்னோ, அவகிட்ட" என்றான். அவன் சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! ஆகவே உன்னிடம் கேட்கிறேன். மாநிலத் தலைநகர் லான்சிங்கில் வருஷக் கட்டணம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்து தருகிற கம்பெனிகள் இருக்கின்றனவாம், நீ அவர்களிடம் கொடுத்திருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது, கம்பெனியைப் பார்த்து யார் பொறாமைப்படுவார்கள். முகவரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஒரு படிவம் அனுப்பினால் போதும் என்று டுவேனே சொன்னான். புது முகவரின் சம்மதம் வேண்டுமாம், என் சம்மதம் இதோ. டுவேனை ஒரு வருஷமாவது காட்டுக்குப் போகவிடு. அவன் மேல் இரக்கப்பட்டுச் சொல்கிறேன் என்று நினைக்காதே, உனக்காக அவன் இன்னொரு நவம்பர் வீட்டில் உட்காருவதை என்னால் தாங்க முடியாது, அவ்வளவுதான். உனக்கு என் மேல் நம்பிக்கை வராவிட்டாலும் தப்பில்லை, நானாக இருந்தாலும் யோசிப்பேன். டவுன்ஷிப் ஆபீசில் கேட்டு வீட்டு நம்பரைத் தெரிந்துகொண்டு, ரோட்டிலிருந்து தெரிகிற மாதிரி வாசல் கம்பத்தில் அடித்துவிட்டேன், நானூற்றுப் பதினெட்டு, சாமில் ரோடு. சமையலறை மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருக்கிறேன். சீசன் இன்னும் முடியவில்லை, காட்டுப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, நாய் என் முகத்தைப் பார்க்கிறது. என் பெயருக்கு எந்தக் காகிதமும் வரப்போவதில்லை என்று தெரியும், இருந்தாலும் காலையிலிருந்து சாயங்காலம் வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கேஸ் உன் பக்கம் முடியும், பயப்படாதே, வக்கீல் கெட்டிக்காரர் என்று டுவேனும் சொல்கிறான். நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், கடவுள் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது தடித்த கோட்டு எடுத்துவர மறக்காதே, போன தடவை மாதிரி என் கோட்டைப் பிடுங்கிக்கொள்ளாதே. ஒரு ஞாபகம். அழ வேண்டும் என்று தோன்றினால், வேலை நாளில் ஒன்பதிலிருந்து ஐந்துக்குள் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. வீட்டில்தான் இருப்பேன்.

உன் அப்பா,
ரெய்னோ