உடம்பை ஏமாற்றப் பார்த்தேன்

சித்தூர், 9-9-1974, திங்கள்

நாளைக்குக் கணக்குப் பரீட்சை. ஆகவே இன்று எனக்குக் காய்ச்சல் வந்தாக வேண்டும். மொட்டைமாடி வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். வேர்த்துக் கொட்டியது, பாவாடையைப் பிழியலாம். அக்காவின் தெர்மாமீட்டரைத் திருடி அக்குளில் வைத்துப் பார்த்தால் – பாதரசம் வழக்கமான கோட்டிலேயே நிற்கிறது!

லோயிஸ் அக்கா நர்ஸ். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மாடிப்படி ஏறாமலே என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"நீ சூடேத்த ஏத்த, அது வேர்வைய ஊத்தி அணைச்சிக்கினு இருக்குது. குளிர்ல போய் நில்லு, நடுங்கி சூடேத்தும். உடம்பு உன்ன மாதிரி இல்லடி, யோக்கியம்."

எனக்குள்ளேயே எனக்கு ஒரு எதிர்க்கட்சி.

10-9, செவ்வாய்

எழுதினேன். அது கணக்குதான் என்று திருத்துகிறவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

12-9, வியாழன்

எதிர்க்கட்சியைத் தோற்கடிக்காமல் விடுவதாக இல்லை. உப்பை அள்ளித் துன்னு பார்த்தேன்; சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்க வைத்துவிட்டது. அம்மாவைப் பயமுறுத்த மூச்சை அடக்கிப் பிணம் மாதிரி படுத்தேன். அம்மா வருவதற்குள் மார்பு தானே காற்றை இழுத்துக்கொண்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்காவை விட்டால், இந்த ஊரில் என்னிடம் ஏமாறாத ஒரே ஆள் இந்த உடம்புதான். மரியாதை வந்துவிட்டது.

14-9, சனி

ஆஸ்பத்திரி வராந்தாவில் மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் வரும்.

அக்காவுக்கு நாள் தாண்டிவிட்டிருந்தது. காலையில் வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மத்தியானம் வலி நின்றே போய்விட்டது. சாயங்காலத்துக்குள் மறுபடி வரவில்லையென்றால் வேலூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. நைனா டாக்ஸி பேசப் போய்ட்டாரு. அக்கா நர்ஸாச்சே, எல்லாம் தெரியும், அதான் அவ்ளோ பயம். அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது.

தாட்சாயணி நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, "நடிபிஞ்சு அம்மாயி, நல்லா நடக்க வை. கொழந்த தலை கீழ அழுத்தினா வலி எழும்பும்" என்றார்.

வராந்தாவில் நடத்திக்கொண்டு போனேன். என்ன பேசுவது? நமக்குத் தெரிந்தது நடிப்பு ஒன்றுதானே. எங்கள் பாஸ்டர் ஐயா இருமிக்கொண்டே ஜெபம் செய்வதைச் செய்து காட்டினேன். ஆமென் வருகிற இடத்திலெல்லாம் இருமல்.

"சிரிக்க வைக்காதடி பாவி –" என்றவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலி!

அடுத்த நடைக்கு இன்னொன்று. அதற்குப் பிறகு இன்னும் பெரிதாக.

"எப்பக்கா அடங்கும்?"

"அடங்காது." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "இது ஒண்ணுக்கு மட்டும் போதும்னு சொல்ல ஆளில்ல. வலி கொழந்தைய தள்ளும், கொழந்த அழுத்தினா இன்னும் வலி ஏறும். அவன் வெளிய வந்தாத்தான் நிக்கும்."

சொல்லிக்கொண்டே சிரித்தாள். பயம் இருந்த முகத்தில் வேறென்னவோ வந்திருந்தது. உள்ளே கொண்டுபோனார்கள்.

இன்னும் கதவு திறக்கவில்லை.

15-9, ஞாயிறு

ஆண். நைனா, பேசி வைத்த டாக்ஸிக்காரருக்கே முதல் மிட்டாய் கொடுத்தார்.

பிறந்ததும் அவனை மார்பில் போட்டார்கள். அவன் சப்பச் சப்ப அக்காவின் கர்ப்பப்பை சுருங்கி ரத்தப்போக்கு குறையுமாம். எவ்வளவு குடிக்கிறானோ அவ்வளவு பால் ஊறுமாம். நேற்று வந்த பயல், அதற்குள் உத்தியோகம்!

ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. போய் வந்த மாதிரிதான் இருக்கிறது.

18-9, புதன்

அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். "கொழந்த கொதிக்குதுடி" என்று அம்மா ஓடி வந்தாள். போய்ப் பார்த்தால், அம்மாதான் என் கம்பளியை அவனுக்குச் சுற்றி வைத்திருக்கிறாள். கம்பளியை எடுத்துவிட்டு, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தெர்மாமீட்டரை உதறி, அந்தச் சுண்டுவிரல் அளவு அக்குளில் வைத்தேன்.

அதே வழக்கமான கோடு.

அக்காவை எழுப்பவில்லை.