கேட்காத அனுமதி

கும்மிடிப்பூண்டி
3.6.2006, சனிக்கிழமை

அன்புத் தங்கை ஹஸ்னாவுக்கு லாத்தா ஜுவைரியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மொஹசின் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் ஷார்ஜா வெயிலில் வாடாமல் இருக்க அல்லாஹ் கிருபை செய்வானாக. இங்கே நாங்கள் இருக்கிறோம். சுகமா என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் கம்பெனியில் வேலை செய்யும் மோசஸ் லீவு முடிந்து திங்கட்கிழமை கிளம்புகிறாராம். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

முதலில் வீட்டுச் சேதி. உன் மச்சான் மவுத்தாகி மூன்றரை மாதம் ஆகிறது. கடையை மகன் ஷாஹுல் பார்த்துக்கொள்கிறான். சிப்காட் கம்பெனிகளுக்கு போல்ட், நட்டு எல்லாம் வழக்கம்போலப் போகிறது. அவன் ராத்திரி வந்து சாப்பிட்டதும் அப்படியே தூங்கிவிடுகிறான். வாரிசு சான்றிதழுக்காக மூன்று முறை தாலுகா ஆபீஸுக்கு அலைந்துவிட்டான். எனக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடிய இன்னும் மூன்றரை வாரம் இருக்கிறது. வெள்ளைச் சேலையோடு உள்ளறையில் உட்கார்ந்திருக்கிறேன். துக்கம் கேட்க இன்னும் ஆட்கள் வருகிறார்கள். எப்படி விழுந்தார், கடைசியாக என்ன சொன்னார் என்று ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் அழுகைகூட வருவதில்லை. வாய் மட்டும் சொல்லிக்கொண்டே போகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதை வாயால் சொல்ல எனக்கு வராது.

ஜனவரிக் கடைசியில் குளிக்கும்போது இடது மார்பில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். வலியில்லை. ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு உன் மச்சானிடம் சொன்னேன். மறுநாளே ரயிலேற்றி பொன்னேரிக்கு அழைத்துப் போனார். பொம்பளை டாக்டர்தான். கையால் பார்த்துவிட்டு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட் வந்தது. நல்லது என்றும் இல்லை, கெட்டது என்றும் இல்லை. ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி, ஒரு பக்கம் ஓரம் சரியாகத் தெரியவில்லை, சாதாரணக் கட்டியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். புற்றுநோயா என்று நான் கேட்கவில்லை, உன் மச்சான் கேட்டார். இந்த மாதிரி வருகிறதில் பெரும்பாலும் அது இல்லை என்றும், அதற்காக வராமல் இருந்துவிடக் கூடாது என்றும் டாக்டர் சொன்னார். இரண்டாவதாகச் சொன்னதை அப்போது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

ரயிலில் திரும்பும்போது நான் அழுதேன். உன் மச்சானுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, உனக்குத் தெரியும். கம்பெனியில் சரக்கு வாங்கும்போது கெட்டுப்போனதுக்கு சிவப்புச் சீட்டு ஒட்டுவார்களாம், சந்தேகமானதுக்கு மஞ்சள் சீட்டாம். மஞ்சள் சீட்டு ஒட்டினதை ஓரமாக வைத்திருந்து மறுபடி அளந்து பார்ப்பார்களாம். “உனக்கு மஞ்ச சீட்டுதான். அதுக்கு ஏன் இப்பவே அழுதுக்கினு கெடக்குற?” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது, நான் என்ன உங்கள் போல்ட்டா என்று கேட்டேன். பக்கத்து சீட்டு மீன்காரம்மா சிரித்துவிட்டாள். பதினான்கு நாள் கழித்து அவரே போய்விட்டார்.

மே எட்டாம் தேதி நான் மறுபடி போயிருக்க வேண்டும். போகவில்லை. இத்தாவில் இருக்கிறவள் எப்படி வாசற்படி தாண்டுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் செய்த கூத்தைக் கேள். பெரிய நாத்தனார் வந்திருந்தபோது, பல் வலிக்கிறது, டாக்டரிடம் போய்வரலாமா என்று கேட்டேன். எனக்குப் பல்லில் ஒன்றுமில்லை. “இத்தால இருந்துக்கினு இன்னா ஆஸ்பத்திரி? கிராம்பு வெச்சி அமுக்கிக்கோ, செரியாப் பூடும்” என்றார். அவர் அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அவரிடம் கேட்டேன். பள்ளிவாசல் நான்கு வீடு தள்ளி இருக்கிறது. ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டனுப்ப எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் அது பொய்.

தினமும் குளிக்கும்போது தொட்டுப் பார்க்கிறேன். ஒரு நாள் சிறுத்த மாதிரி இருக்கும், மறுநாள் பெருத்த மாதிரி இருக்கும். தொட்டுத் தொட்டே அந்த இடம் வலிக்க ஆரம்பித்துவிட்டது. அந்த வலிக்கும் ஒரு நாள் முழுக்கப் பயந்தேன். எனக்கே என் மேல் சலிப்பாக இருக்கிறது.

போன வாரம் மருமகள் ஆரிபா, ஷாஹுல் கேட்ட பத்திரங்களைத் தேடி பீரோவைக் குடைந்தாள். உன் மச்சான் சட்டைகளுக்குக் கீழே ஸ்கேன் கவர் கிடைத்திருக்கிறது. கவரின் மேலே ‘மே 8, ஜுவைரியா, பொன்னேரி, கடை லீவு’ என்று அவர் கையால் எழுதியிருந்தார். பெருநாளைத் தவிர வேறு நாளில் கடைக்கு லீவு விட்டவரா அவர்? அந்தக் கவரை ஆரிபா என் மடியில் வைத்தபோதுதான், இத்தனை நாளுக்குப் பிறகு வாய்விட்டு அழுதேன்.

அந்தப் பெண் என்னோடு இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை என்று உனக்கு முன்பு எழுதியிருந்தேன் இல்லையா? அவள் என்னிடம் தருவதற்கு முன்பே ரிப்போர்ட்டைப் படித்து, ஹஜ்ரத் வீட்டம்மாவிடம் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். “வைத்தியத்துக்குப் போவ தடையே இல்லியாம் மாமி, போய்ட்டு பொழுதோட ஊட்டுக்கு வந்துட்டா போதுமாம். நீங்க ஏன் ஒரு வார்த்த கேக்கல?” என்றாள். அவளிடம் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன் ஹஸ்னா. கேட்டால் போ என்று சொல்லிவிடுவார்கள். போனால் அது என்ன என்று தெரிந்துவிடும். தெரியாமல் இருக்கிறவரை நான் பாதி சுகமானவளாகவாவது இருக்கிறேன். நான் அவருக்காக இத்தா இருக்கிறேன் என்று ஊர் நினைக்கிறது. நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

வரும் புதன்கிழமை காலை ஆரிபா என்னை அழைத்துப் போகிறாள். டாக்டரிடம் போனில் பேசிவிட்டாளாம். மறுபடி ஸ்கேன் எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பார்களாம். அதற்கு முடிவு வர ஒரு வாரம் ஆகுமாம். இந்த முறையும் தெளிவாகச் சொல்ல முடியாமல் போகலாம், அப்படியானால் இன்னும் கொஞ்ச நாள் பார்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அதைக் கேட்டபோது எனக்கு ஒரேயடியாகக் களைப்பு வந்து படுத்துவிட்டேன். ஆரிபா விளக்கை அணைத்துவிட்டு என் காலடியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஷாஹுலுக்கு இன்னும் சொல்லவில்லை. அவனுக்கு வாப்பாவின் துக்கமே போதும்.

நீ பதறிக்கொண்டு டிக்கெட் போடாதே. பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. துக்கம் கேட்க வருகிறவர்களிடம், அவரே போன பிறகு எனக்கு இனி என்ன வேண்டியிருக்கிறது, சீக்கிரம் நானும் அவரிடம் போய்ச் சேர்ந்தால் போதும் என்று நானே சொல்கிறேன். அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டுகிறார்கள். நீயும் உன் போன கடிதத்தில், இருவரையும் சுவர்க்கத்தில் ஒன்றுசேர்க்கும்படி துஆ கேட்பதாக எழுதியிருந்தாய். அந்த துஆவைக் கொஞ்ச காலம் நிறுத்தி வை. அவருடைய மறுமைக்காகக் கேள், அது எப்போதும் வேண்டும். எனக்காகக் கேட்கும்போது மட்டும், இவளை இப்போதைக்கு இங்கேயே விட்டு வை ரப்பே என்று கேள்.

உன் லாத்தா,
ஜுவைரியா