இருவத்திமூணாம் நம்பர் டீ-சர்ட்

ஜாம்நகர்,
திங்கக்கெழம

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். நான் சொகமா இருக்கேன். நைனாவுக்கு முட்டி வலி தேவலயா? போன்ல பேசுனா என் கொரல வெச்சே எதனா கேப்ப, அதான் எழுதறேன்.

எங்க பாலிடெக்னிக் பசங்க பத்து வருசம் கழிச்சு சனி, ஞாயிறு எங்க பழைய கிளாஸ்லயே ஒண்ணா கூடுனாங்க. பிளாண்ட்ட நிறுத்திட்டு ரிப்பேர் பாக்குற ஷட்டவுன் வேலைல எனக்கு லீவு கெடைக்கல. என் பக்கத்து சீட்டு பென்னி வீடியோ கால் போட்டு, அவன் செல்போன நான் ஒக்கார்ற பழைய பெஞ்சுல சாய்ச்சு வெச்சான். எங்க கிளாஸ் சாரும் வந்து, அப்ப மாதிரியே அட்டெண்டன்ஸ் எடுத்தாரு. என் நம்பர் இருவத்திமூணு வந்தப்ப "எஸ் சார்"னு கத்துனேன். நெட்டு மாட்டிக்கிச்சு, யாருக்கும் கேக்கல. படிக்கிறப்ப கும்மிடிப்பூண்டில ஷிப்டு முடிச்சு நான் லேட்டா வர்ற நாள்ல பென்னி எனக்கு பதிலா அட்டெண்டன்ஸ் சொல்லி ப்ராக்ஸி குடுப்பானே, அதே மாதிரி என் கொரல்லயே "எஸ் சார்" சொல்லிட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான். அப்புறம் சாப்பாட்டுக்கு எழுந்து போய்ட்டாங்க. போனு பெஞ்சுலயே இருந்துச்சு. காலி கிளாஸ்ல ஃபேன் சுத்துச்சு, அதையே பாத்துக்கினு இருந்தேன். தமாசுதாம்மா, வேற ஒண்ணும் இல்ல.

மாங்கா ஊறுகா இருந்தா பார்சல்ல அனுப்பு.

கம்பெனி பஸ்சு வந்துடுச்சு. இன்னும் ஒண்ணு. எல்லாருக்கும் பேரு, நம்பர் போட்டு டீ-சர்ட் அடிச்சாங்க. என்னுத பென்னி ஊட்டாண்ட வந்து குடுப்பான். அவன சாப்ட வெச்சு அனுப்பு. டீ-சர்ட்ட இங்க அனுப்பாத, பீரோவுலயும் வெக்காத. வாரத்துக்கு ஒரு தபா தொவச்சு வாசல்ல கட்டிகிற கொடியில காயப்போடு. அத பாத்துட்டு யார்னா "ஜெபா வந்துகிறானா?"ன்னு கேட்டா, சட்டுனு இல்லன்னு சொல்லிடாத.

உன் பையன்,
ஜெபா