நான் துளை போட மறந்த பேரிங்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அப்பா எழுதுவது. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, முழங்கால் மட்டும் தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வாண்டுப் பயலும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்பில் இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ சரிப்பா சரிப்பா என்று அவசரப்படுவாய், அதைச் சாக்காக வைத்து நானும் பாதியில் நழுவிவிடுவேன். இது நழுவக்கூடாத சமாச்சாரம்.

உன் மாமா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று சின்ன வயதில் நீ கேட்டபோதெல்லாம், ஆயில் இல்லாமல் முதலாளி காரை ஓட்டி நாசம் பண்ணிவிட்டுப் பொய்யும் சொன்னவன் என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கார் மூன்று மாதத்துக்கு முன் என் பட்டறைக்கே திரும்பி வந்தது. உலக யுத்தத்துக்கு முன்னால் செய்த வண்டி, நம் தெருவில் திருப்பவே முடியாத நீளம். உன் மாமாவை அதற்கு டிரைவராகச் சேர்த்துவிட்டவனே நான்தான். முப்பத்தோரு வருஷத்துக்கு முன் அதன் இன்ஜினைப் பிரித்து, இன்ஜின் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் ஏழு பேரிங்குக்கும் உள்பக்கம் புதிதாக ஈயம் ஊற்றி மாட்டிக் கொடுத்தேன். மூன்றாம் வாரமே நடுரோட்டில் இறுகி நின்றுவிட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆயில் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன், கருகின வாடை, அவ்வளவுதான், டிரைவர் ஆயில் பார்க்கவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அளவுக் குச்சியில் ஆயில் இருந்தது, அதைப் பார்த்த பிறகும், வண்டி நின்றதும் அவசரமாக ஊற்றியிருப்பான் என்றேன். "அத்தான், காலையிலேயே ஊத்தினேன், ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க" என்று அவன் எல்லார் முன்னாலும் கெஞ்சினான். என் கைவேலையையா சந்தேகப்படுகிறாய் என்று எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அன்றைக்கே அவன் வேலை போயிற்று, அதற்கப்புறம் எந்த வீட்டிலும் அவன் கையில் வண்டிச் சாவி கொடுக்கவில்லை. கார் ஷெட்டுக்குள் போனது, அவன் நம் வீட்டை விட்டுப் போனான்.

இப்போது முதலாளியின் மகன் அதை லாரியில் ஏற்றிவந்து, உயிர் வருமா, என்ன நிலைமையில் இருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுங்கள் என்றார். கதவுக்குள் இருக்கும் மரச்சட்டத்தைப் பூச்சி தின்றிருந்தது, தோல் சீட்டில் எலி குடித்தனம் நடத்தியிருந்தது, விளக்குகள் மட்டும் புதுசாகவே இருந்தன. சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டுப் பத்து நாள் ஊறவைத்தும் இன்ஜினைச் சுற்றும் கைப்பிடி இம்மியும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் வண்டிக்குக் கீழே பட்டறைக் குழிக்குள் இறங்கி அடிப்பக்கத்தைக் கழற்றினேன். நாலாவது பேரிங் உருகி வழிந்திருந்தது. அதைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஈயம் ஊற்றினால் ஆயில் போகிற துளையும் அடைபட்டுவிடும், ஒவ்வொன்றையும் மறுபடி துளை போட்டுத் திறந்துவிட வேண்டும். மற்ற ஆறிலும் துளை பளிச்சென்று இருந்தது. இந்த ஒன்றில் நான் ஊற்றின ஈயம் அப்படியே அடைத்துக்கொண்டு நின்றது. எப்படி விட்டேன் என்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. வெகுநேரம் அந்தக் குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன் அம்மா.

பிறகு ஏழு பேரிங்கையும் புதிதாகச் செய்தேன், ஒவ்வொரு துளையிலும் வாய் வைத்து ஊதிப் பார்த்து மாட்டினேன். போன வாரம் இன்ஜின் கிளம்பியது, அவ்வளவு சாதுவான சத்தம். வேலைக்காரர்கள் கை தட்டினார்கள். நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் அழுதேன். மதிப்பீட்டுத் தாளில் பழுதுக்குக் காரணம் என்ற இடத்தில், மெக்கானிக்கின் தவறு, டிரைவர் மேல் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி மகன் படித்துவிட்டு, பழைய கதைதானே விடுங்க, என்ன கலர் அடிக்கலாம் என்று கேட்டார்.

முந்தாநாள் அந்தப் பேரிங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு உன் மாமாவைப் பார்க்கப் போனேன். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறான், பார்வை மங்கிவிட்டது. அடைபட்ட இடத்தைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தான். எல்லாவற்றையும் சொன்னேன். நாலு அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அக்கா என்ன நினைச்சுது அத்தான்? என்னைப் பொய்யன்னு நினைச்சுக்கிட்டேதான் போச்சா?"

முப்பது வருஷத்தில் உன் அம்மாவிடம் நான் அதைக் கேட்டதே இல்லை. போன வருஷம் ஆஸ்பத்திரியில் தம்பிக்குச் சொல்லி அனுப்புங்க என்றாள். அவன் வந்தால் நான் வரமாட்டேன் என்றேன். அதோடு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் பக்கம் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன், பாவி.

அந்தக் கடைசிப் பன்னிரண்டு நாளும் நீதான் லீவு போட்டு வந்து அவள் பக்கத்தில் இருந்தாய். தம்பியைப் பற்றி ஏதாவது சொன்னாளா? சொல்லியிருந்தால் மாமாவுக்கு எழுது, முகவரி பின்பக்கம் இருக்கிறது. என்னைக் குறை சொல்லியிருந்தால் அதையும் அப்படியே எழுது. ஒன்றுமே சொல்லவில்லை என்றால், நல்லதாக நாலு வார்த்தை சேர்த்து எழுதேன் என்று கேட்க வாய் வருகிறது. வேண்டாம், அவன் விஷயத்தில் நான் சொன்ன பொய்யே போதும்.

மாப்பிள்ளையை வெளியில் சாப்பிடுவதைக் குறைக்கச் சொல். வாண்டுக்குப் பல் டாக்டரைத் தள்ளிப்போடாதே. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனசில் பாரம் இல்லாமல் வாழ வேண்டும். மாமாவுக்கு எழுதுவதை மறந்துவிடாதே, பெரிய எழுத்தாக எழுது, அவனே படிக்க வேண்டும். என்ன எழுதினாய் என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா