வளைவுக்கு முந்தி

அன்புள்ள மாமாவுக்கு,

துபாயிலிருந்து உங்க முத்துப்பிரியா. நான் சுகம். உங்க முதுகுவலி தேவலையா?

நேத்து கல்யாணக் கச்சேரியில நான்தான் கீபோர்டு. லேப்டாப்புல ஒரு பொத்தானை அமுக்கினா வீணைச் சத்தம் புல்லாங்குழலா மாறும். வீணை ஓயுமுன்னே அமுக்கிட்டேன். சத்தம் பாதியில அறுந்துபோச்சு. பாடகர் முறைச்சார், அம்புட்டுதான்.

உடனே உங்க ஞாபகம். குரங்கணி மலையில ஏலக்காய் லோடோட ஜீப்பை இறக்குறப்ப, வளைவுக்கு முந்தியே கியரை மாத்திருவீங்களே, ஒரு மூட்டைகூட அசையாம! அடுத்த பாட்டுல, பாடகர் மூச்சு இழுக்கிற இடம் பாத்து மாத்தினேன். ஒருத்தருக்கும் தெரியல. கைதட்டினாங்க. அது உங்களுக்குத்தான் மாமா.

கச்சேரிக்குப் போற வேன் வந்துருச்சு. உங்க ஜீப்பு ஆரன் சத்தத்தைப் போன்ல பிடிச்சு வெரசா அனுப்புங்க. இங்க லேப்டாப்புல ஒரு பொத்தான் சும்மா கிடக்கு, அதுல போட்டு வெச்சுக்கிறேன். கச்சேரியில அமுக்க மாட்டேன்.