வாயில்லாத் தூது

எங்கும் நிறைந்தவனும் எதையும் மறவாதவனுமாகிய இறைவனின் திருவடியை முதலில் நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

தொலைதூரத்தில் வாழும் என் அருமை மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடலளவில் நலம். நீயும் மருமகளும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடும், உன்மேல் எனக்குள்ள கோபத்தை ஒரு குன்றிமணி அளவும் குறைத்துக்கொள்ளாமலும் எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் "அம்மா, ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு" என்று நடுவில் புகுந்துவிடுவாய். காகிதத்தில் அந்த வேலை நடக்காது.

அப்பா தனியாக வெளியே போனால் வீட்டுக்கு வழி மறந்துவிடுகிறார், யாரோ கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடவேண்டியிருக்கிறது என்று நான் அழுதபோது நீ என்ன சொன்னாய்? "கவலைப்படாதேம்மா, சின்னதா ஒரு ஜிபிஎஸ் அனுப்பறேன், அப்பா எங்க இருக்கார்னு அது கண்டுபிடிச்சிடும்" என்றாய். வந்து சேர்ந்தது. தபால்தலையைவிடச் சற்றே பெரிய ஒரு நீலப் பலகை, அதன் முதுகில் பீங்கான் வில்லை, ஓரத்தில் நான்கு முனைகள். கூடவே உன் குறிப்பு. இரண்டு முனை மின்சாரத்துக்கு, ஒன்று பேச, ஒன்று கேட்க, முதலில் விளக்கு மினுக்குகிறதா என்று பார் என்று எழுதியிருந்தாய், அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் தமிழ்ப்பாடம் நடத்தியவளின் வயிற்றில் பிறந்துவிட்டு, எழுவாயும் இல்லாமல் முடிவும் இல்லாமல் இப்படியா எழுதுவது? பேச ஒரு முனை இருக்கிறது என்று நீதானே எழுதினாய், அப்படியானால் அது நம்மோடு பேசும் என்றுதானே எவளும் பொருள் கொள்வாள்?

தெருமுனையில் கைப்பேசி பழுதுபார்க்கும் பெண்ணிடம் கொடுத்து ஒரு சிறிய பேட்டரியோடு இணைத்து வாங்கிவந்தேன். நல்ல காரியம் ஆகையால் சாமி அலமாரியில் வைத்தேன். ஒரு பகல் முழுக்க வைத்திருந்தும் அது கண் திறக்கவில்லை. உன்னைக் கேட்டால் "கூரைக்கடியில வேலை செய்யாதும்மா, அது வானத்தைப் பார்க்கணும்" என்று சிரித்தாய். மாடியில் கொண்டுபோய் வைத்தேன், அப்போதும் இல்லை. அந்தப் பெண் ஏறிவந்து பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, அதைக் குப்புறப் படுக்க வச்சிருக்கீங்க, பாவம் அது எப்படி வானத்தைப் பார்க்கும்?" என்று புரட்டிவைத்தாள். சற்றுப் பொறுத்து விளக்கு மினுக்கத் தொடங்கியது. ஒருமுறை வானத்தைப் பிடித்துவிட்டால் அப்புறம் கூரைக்கடியிலும் எளிதில் விடாதாம். பொய் சொல்லமாட்டேன், உடம்பு சிலிர்த்துப்போனது. மேலே சுற்றும் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும், நான் இன்னது, இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது இன்ன நேரம் என்றுதான் சொல்கிறதாம். குறைந்தது நான்கின் குரலாவது காதில் விழுந்தால், ஒவ்வொரு குரலும் வந்துசேர எவ்வளவு நேரமானது என்று கணக்கிட்டு இந்தச் சில்லு தன் இருப்பிடத்தைத் தானே அறிந்துகொள்கிறதாம். தன்னை அறிவதற்கு ஞானியர் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு அதற்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அந்தக் கும்பிடுதான் என்னைக் கெடுத்தது. மெல்லிய துணியில் பை தைத்து, அதைப் பேட்டரியோடு அப்பாவின் சட்டைப்பையில் வைத்து ஊசியும் குத்திவிட்டேன். காலையில் "கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்றார். பல மாதங்களாக அந்தச் சொல்லைக் கேட்டாலே கதவுக்குக் குறுக்கே நிற்பவள், அன்று விளக்கைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்வாருங்கள் என்று சொல்லிப் பாராயணத்தில் உட்கார்ந்தேன். பாராயணம் முடிந்தது, சமைத்தது ஆறியது, மனிதர் வரவில்லை. அப்போதும் நான் பதறவில்லை. நிதானமாகப் பழுதுக் கடைக்குப் போய் அய்யா எங்கே இருக்கிறார் என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். "எதுல பார்க்க, டீச்சரம்மா?" என்றாள். அதுதான் மினுக்குகிறதே, அதில் பார் என்றேன். "அது அய்யா பாக்கெட்லல்ல இருக்கு! அது கேட்கும், கணக்குப் போடும், பக்கத்துல மாட்டின கம்பிகிட்ட மட்டும் சொல்லும். அந்தக் கம்பியிலதான் நாம ஒண்ணுமே மாட்டலையே. நமக்குச் செய்தி வரணும்னா சிம் போட்ட இன்னொரு போர்டு வேணும்" என்றாள். இதை முன்பே சொல்வதற்கென்ன என்று சீறினேன். "மினுக்க வைன்னீங்க, வச்சேன். அய்யாவைத் தேடறதுக்குன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். வீட்டு விஷயம் வீதிக்குப் போகக்கூடாது என்று, மகன் அனுப்பிய விளையாட்டுச் சாமான் என்றல்லவா நான் சொல்லி வைத்திருந்தேன்!

கால் போன திக்கில் தேடிவிட்டு வேறு வழி தெரியாமல் வீட்டுக்கு வந்தால் கூடத்தில் தொலைபேசி அடித்துக்கொண்டிருக்கிறது. வெட்டிச் செலவு, இணைப்பைத் துண்டித்துவிடு என்று வருகிறபோதெல்லாம் நீ நச்சரிப்பாயே, அதே பழைய தொலைபேசிதான். பேசியவர் ஒரு மரச்சாமான் கடைக்காரர். "உங்க வீட்டுப் பெரியவர் நம்ம கடை சோபாவுல உட்கார்ந்திருக்கார்மா. பேரைக் கேட்டா யோசிக்கிறார், தெருவைக் கேட்டா முழிக்கிறார், போன் நம்பரைக் கேட்டா மட்டும் கடகடன்னு ஒப்பிக்கிறார்" என்றார். ஆட்டோ பிடித்து ஓடினேன். எந்தக் கடை தெரியுமா? அப்பா உத்தியோகம் பார்த்த தொலைபேசி நிலையம் இருந்த அதே கட்டடம். என்னைக் கண்டதும் அவருக்குக் கோபம் பொங்கியது. "ஏன்டி, லைன்ல ஒரு கால் காத்துக்கிட்டு இருக்கு, போர்டை எவன் தூக்கிட்டுப் போனான்? இங்க மெத்தை வித்துக்கிட்டு இருக்கானுங்க!" என்று சட்டைப்பையைத் திறந்து காட்டினார். துணிக்குள் அந்த விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இணைப்புப் பலகையில் விளக்கு எரிந்தால் மறுமுனையில் ஒரு மனிதர் காத்திருக்கிறார் என்று வாழ்ந்தவர் அல்லவா அவர்? அவரைக் கண்டுபிடிக்க நீ அனுப்பிய சாமான்தான் அவரைக் கிளப்பிக் கொண்டுபோயிருக்கிறது.

அன்று மாலை உன்னைக் கூப்பிட்டால், "அய்யோ, அது ரிசீவர் மட்டும்தான்மா, இன்னொரு போர்டு அடுத்த பார்சல்ல அனுப்பறேன், நான் சொல்லலையா?" என்கிறாய். சொல்லவில்லை, ராசா. அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும் தூது விட்ட புலவர்கள்கூட இந்தத் தவற்றைச் செய்யவில்லை, போகிறது வாய் திறக்கும் என்று நம்பித்தான் விட்டார்கள். காதை ஒரு தபாலிலும் வாயை மறு தபாலிலும் அனுப்ப நினைத்தவன் நீ ஒருவன்தான்.

விளக்கின்மேல் கறுப்பு நாடா ஒட்டித் தருகிறேன் என்று அந்தப் பெண் வந்தாள். "லைன்ல ஆள் இருக்கும்போது மறைக்கக்கூடாதும்மா" என்று அப்பா விடவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, கூப்பிடுவது யார் என்று கேட்டார். சலிப்பில் உங்கள் மகன் என்று சொல்லிவைத்தேன். "அவனா? டிரங்க் கால். வெளியூர் லைன், லேட்டாத்தான் கிடைக்கும்" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தவர்தான், வாசலைத் தாண்டவே இல்லை. நான் போட்ட பூட்டுகள் செய்யாததை உன் பெயர் செய்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ அழைத்தபோது என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியாது. உன்னோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் கொடுத்து, "இது வேற யாரோ. அவன் லைன் இன்னும் மினுக்குது பாரு" என்றார்.

பேட்டரியைக் கழற்றினால் அது அணைந்துவிடும், அவ்வளவு எனக்குத் தெரியும். கழற்றவில்லை. தீரத்தீர நானே மின்னேற்றி, மாடியில் வானம் காட்டிக் கொண்டுவந்து வைக்கிறேன். அந்த இரண்டாவது போர்டைத் தபாலில் போடாதே, கையில் எடுத்துக்கொண்டு நீயே வா. யாருடைய அழைப்புக்காகக் காத்திருக்கிறோம் என்பது அவர் நினைவில் இருக்கும்போதே வா.

நீயும் மருமகளும் உங்கள் இல்லமும் நோயின்றிக் குறைவின்றி வாழ, வழி தவறியவரையும் கைவிடாத இறைவன் துணை நிற்பானாக. பயணச்சீட்டு எடுத்ததும் முதல் வேலையாக எனக்குச் சொல், சாக்குப்போக்கு எதுவும் வேண்டாம்.

கோபம் தீராத, ஆசி குறையாத
உன் அம்மா