டிரெயிலர் பெட்டரியை யார் குடித்தது?

ஜனவரி 11, 2025, சனி

மறுபடியும் பெட்டரி காலி. நல்லதண்ணியில் தங்குவதற்கு எங்கள் டிரெயிலரை வாடகைக்கு எடுத்த குடும்பத்துக்கு ஏழு மணிக்கே விளக்கு அணைந்துவிட்டதாம். நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஜீப் இழுத்துப்போகும்போதே சார்ஜ் ஏறும்படி போன மாதம் நானே வயர் போட்டேன். வயரில் பிழை இல்லை. அப்படியானால்? ஜீப் ஓட்டுவது டினேஷ் மட்டும்தான். என் மனைவி பவுலினின் அண்ணன், மூன்று வருடமாக என் கூட்டாளி. எழுதவே கை கூசுகிறது.

ஜனவரி 13

மஸ்கெலியாவில் பழைய பெட்டரி வாங்கும் கடை முன்னால் நம் ஜீப் நின்றதாம். மளிகைக்கடை அன்ஸார் நானா சொன்னார். “டயருக்குக் காத்தடிச்சேன்” என்கிறார் டினேஷ். நான் கேட்கவே இல்லையே! புதுசை விற்றுவிட்டுப் பழசை வைத்துவிட்டாரோ—

ஜனவரி 17

பெட்டரியின் அடியில் ஆணியால் சிலுவை கீறி வைத்தேன். மாற்றினால் தெரிந்துவிடும். பவுலின் பார்த்துவிட்டாள்.

“எங்கண்ணனையா சந்தேகப்படுறீங்க?”

ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனேன்.

ஜனவரி 19

கீறல் அப்படியே இருக்கிறது. பெட்டரி காலி. சரி, விற்கவில்லை. அங்கே யாருக்கோ கரண்ட் கொடுக்கிறார். மலை யாத்திரை சீசனுக்குக் கடை போடுகிறவர்களெல்லாம் அவருடைய சிநேகிதர்கள்தானே.

ஜனவரி 24, வெள்ளி

இன்று நானும் ஜீப்பில் ஏறினேன். டினேஷ் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே பனிமூட்டம், விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டினார். முதல் இறக்கத்திலேயே இன்ஜினை நிறுத்தினார். ஜீப் சத்தமில்லாமல் உருண்டது.

“ஏன் மச்சான் நிப்பாட்டுறீங்க?”

“நீங்கதானே சொன்னீங்க? டீசலுக்கு வரிசையில நின்ன வருசம், இறக்கத்துல நிப்பாட்டி உருட்டுங்கன்னு. அன்னையிலேருந்து இப்புடித்தான்.”

சொன்னேன். நானேதான் சொன்னேன். இன்ஜின் ஓடினால்தானே சார்ஜ் ஏறும்? நின்றால் என் வயர் வழியாகவே ஜீப் விளக்கு டிரெயிலர் பெட்டரியைக் குடிக்கிறது. இங்கே பாதி ரோடு இறக்கம். வயர் போட்ட மடையனுக்கு இது உறைக்கவில்லையே! வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“பெட்டரியில சிலுவை கீறுனீங்களாமே. தங்கச்சி அழுதுச்சு” என்றார். ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஜனவரி 25

மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல மச்சான்” என்றார். சாயங்காலம் பவுலின் கையில் ஜீப் சாவியைக் கொடுத்தனுப்பிவிட்டார்.

பெப்ரவரி 2, ஞாயிறு

நேற்று ஜீப் ஓட்டியது கூலிக்கு வந்த அழகன். இறக்கத்திலும் இன்ஜினை நிறுத்தவில்லை. டிரெயிலரில் விடியும்வரை விளக்கு எரிந்ததாம். டினேஷ் இப்போது றொசல்லயில் யாருக்கோ லொறி ஓட்டுகிறார்.

காலையில் தேவாலயப் பூசைக்கு வந்திருந்தார். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் திரும்பி எல்லோருக்கும் கைகூப்பினார். எனக்கும் கூப்பினார், யாரோ ஊர்க்காரருக்குக் கூப்புவது மாதிரி.